யந்திரத்தை ராட்சசன் ஆக்காதீர்கள்: டிஸ்டோபியா கதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். எழுதிக்கொண்டு வந்ததை வாசிப்பது, திட்டு வாங்குவது, சுக்குக் காப்பி குடிப்பது, கலைவது. கொஞ்ச காலமாக வருகிற கதைகளில் பாதி டிஸ்டோபியா, அதாவது நாளைக்கு இப்படித்தான் நாசமாகப் போகப்போகிறோம் என்று பயமுறுத்துகிற கதை. அதிலும் முக்கால்வாசிக்கு ஒரே கரு: கருவியே கதி என்று கிடந்தவர்கள் கட்டினவளையும் பெற்றவளையும் இழந்துபோவது.

கருவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுதும்போதுதான் எல்லாரும் ஒரே பள்ளத்தில் விழுகிறோம். நானும் விழுந்து எழுந்தவன். என் கதை 2090-இல் 'மெகா நெல்லை' என்ற நகரத்தில் நடந்தது. தாமிரபரணிக்கு மேலே கண்ணாடிக் குழாயில் ரயில் போகும். வாசித்து முடித்ததும் கூட்டத்தில் மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "எல்லாஞ் சரிதாம்வே. புருசனும் பொண்டாட்டியும் பிரியுதாவன்னு எழுதியிருக்கீரு. அவிய எப்பம் சேந்து இருந்தாவ?"

பதில் இல்லை. கண்ணாடி ரயிலுக்கு நாலு பக்கம், அந்தத் தம்பதிக்கு ஒரு வரி என்று எழுதியிருந்தேன். இருந்ததைக் காட்டாமல் இழந்ததைக் காட்டினால் வாசிக்கிறவனுக்கு என்ன போச்சு?

ரே பிராட்பரி 1953-இல் எழுதிய 'ஃபாரன்ஹீட் 451' நாவலில் கணவன் மான்டாக், மனைவி மில்ட்ரெட். வரவேற்பறையில் மூன்று சுவர் முழுக்கத் திரை. நாலாவது சுவருக்கும் போட்டுவிடலாம் என்கிறாள் மனைவி, இரண்டாயிரம் டாலர்தானே. அது என் வருஷச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்கிறான் அவன். தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கிய எந்த வீட்டிலும் நடந்திருக்கக்கூடிய பேச்சு. இப்படி ஒரு குடித்தனத்தைக் கண்முன் வைத்துவிட்டுப் பிற்பாடு ஒரு ராத்திரி, நாம் முதன்முதலில் எங்கே சந்தித்தோம் என்று மான்டாகைக் கேட்க வைக்கிறார் பிராட்பரி. பத்து வருஷத்துக்கு முந்தின சங்கதி. இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. குளிர் ஏறுவது அந்த இடத்தில்தான். நாவலில் ஓடித் துரத்துகிற யந்திர நாய் ஒன்றும் உண்டு, அது ஊசியால் குத்தினால்கூட இவ்வளவு வலிக்காது.

அடுத்த தவறு, கருவியை ராட்சசனாக்குவது. சிவப்புக் கண், கரகரத்த குரல், மனிதர்களை அறையில் பூட்டுகிற கம்ப்யூட்டர். பூட்டுகிறவன் வந்துவிட்டால் உள்ளே கிடக்கிற எல்லாரும் அப்பாவிகள், அப்புறம் உறவைப் பற்றிச் சொல்ல எதுவும் மிஞ்சாது. தமிழில் இதற்கு நல்ல மாற்று எப்போதோ வந்துவிட்டது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் நாயகி நிலாவுக்குக் கடைசிவரை துணை நிற்பது ஜீனோ என்கிற ரோபாட் நாய். கெடுதல் ஆட்சியில் இருக்கிறது, நாயிடம் இல்லை.

இதைவிடப் பழைய உதாரணம் இ.எம்.ஃபார்ஸ்டர் 1909-இல் எழுதிய 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்ற நெடுங்கதை. டி.வி.யே வராத காலத்தில் வீடியோ காலை எழுதிவிட்டார் மனுசர். பூமிக்கடியில் தேனடை அறை மாதிரி ஆளுக்கொரு அறை. உலகத்தின் ஒரு மூலையில் அம்மா வாஷ்டி, எதிர்மூலையில் மகன் கூனோ. வட்டத் தட்டில் நீல வெளிச்சம் பரவி மகன் முகம் தெரிகிறது. அவனுக்காக முழுசாக ஐந்து நிமிஷம் ஒதுக்குகிறாள். நேரில் வந்து பார் என்று மகன் கேட்கிறான். இதோ பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்கிறாள் தாய். யாரும் அவளைப் பூட்டி வைக்கவில்லை. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அவளே எழுந்திருக்கவில்லை. ஒருவழியாக ஆகாயக் கப்பலில் கிளம்புகிறாள். வழியில் தடுமாறி விழப்போனவளைப் பணிப்பெண் கைநீட்டித் தாங்கிவிட, வாஷ்டிக்குக் கோபம் வருகிறது. மனிதர் மனிதரைத் தொடுவது அங்கே வழக்கொழிந்துபோன காரியம். விழாமல் பிடித்தவளைத் திட்டுகிற ஒருத்தியைக் காட்டியாயிற்று. இனி எந்தச் சிவப்புக் கண்ணும் தேவையில்லை.

இப்படி யோசித்துப் பாருங்கள். உறவு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி சின்னச் சின்னத் தொந்தரவுதான். உறைமோர் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். விடியக்காலம் பஸ்ஸில் வருகிற மாமாவை ஜங்ஷனில் போய் அழைத்து வர வேண்டும். ஆச்சிக்கு ராத்திரி மாத்திரை எது என்று தினமும் எடுத்துக் கொடுக்க வேண்டும். கருவி வந்து இந்தத் தொந்தரவை ஒவ்வொன்றாகத் தீர்த்துவைக்கிறது. மாத்திரை டப்பாவே மணியடித்து ஆச்சியைக் கூப்பிடும் என்றால் பேரன் அந்த அறைக்குப் போக என்ன காரணம் இருக்கிறது? கதையை அந்தப் பேரன் போகாத ராத்திரியில் தொடங்குங்கள். எழுத உட்காருமுன் நான் இப்போதெல்லாம் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: என் கதையில் வருகிற கருவி யாருடைய வேலையைப் பிடுங்கியது?

எங்கள் கூட்டத்துக்கு முக்கூடல் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண் இதற்கு விடை மாதிரி ஒரு கதை கொண்டுவந்தாள். பீடி சுற்றுகிற இரண்டு பெண்கள், இசக்கியும் பேச்சியும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒரே தார்சாவில் (வீட்டு முன்கூடத்தில்) எதிரெதிரே உட்காருவார்கள். மடியில் தட்டு, தட்டில் வெட்டின இலை, ஓரமாகத் தூள், விரலில் நூல். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பேச்சிக்கு விரல் மூட்டு வீங்கிக் கை ஓடாது. சாயங்காலம் கணக்குக் குறைந்தால் இசக்கி தன் தட்டிலிருந்து பீடிக்கட்டு ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளிவிடுவாள். கைமாற்று என்று பேர், திரும்பி வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு கடைக்காரன் புதுத் தட்டு கொடுக்கிறான். எந்தப் பீடியை எந்த விரல் சுற்றியது என்று அழுத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற தட்டு. அடுத்தவர் சுற்றியதை வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். எண்ண வேண்டியதில்லை, கூலி நேராகக் கணக்கில் ஏறிவிடும். எல்லாருக்கும் சந்தோஷம். முதல் சாயங்காலம் இசக்கி வழக்கம்போலக் கட்டை நீட்டுகிறாள். "வேண்டாம் மைனி, செவப்பு எரியும்" என்கிறாள் பேச்சி. இரண்டு வாரம் கழித்து அவரவர் வீட்டிலேயே உட்கார்ந்து சுற்ற ஆரம்பிக்கிறார்கள்.

இதுவரை வாசித்தபோது மாடியில் ஒருவரும் காப்பித் தம்ளரைத் தொடவில்லை. அதற்கு அப்புறம்தான் பேச்சி எழுந்து நின்று, மனிதத்தை இழந்துவிட்டோமே, தொழில்நுட்பத்துக்கு அடிமையாகிவிட்டோமே என்று இரண்டு பக்கத்துக்குச் செந்தமிழில் பேசினாள். வாழ்நாள் முழுக்கப் பீடி சுற்றினவள் திடீரென்று பட்டிமன்றத்தில் ஏறிவிட்டாள். இந்தத் தவறைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பாத்திரம் கருத்துச் சொல்ல வாயைத் திறந்தால் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள், அடங்கிவிடும்.

இன்னொன்று உண்டு, இதில் நாம் எல்லாருமே குற்றவாளிகள். அந்தக் காலத்தைப் பொன்னாக்குவது. செல்போன் வருமுன் தாமிரபரணிக் கரையில் எல்லாரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டே இருந்தார்கள் என்று எழுதினால் இந்த ஊர்க்காரன் எவனும் நம்ப மாட்டான். சிசிடிவி வருமுன்பே தெருவுக்கொரு பெரியம்மா இருந்தாள். யார் வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு எந்தப் பஸ்ஸில் இறங்கினாள், பக்கத்தில் யார் இறங்கினான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சாதி விட்டுக் காதலித்தவர்களை வெட்டிப்போட இந்தச் சீமையில் யாருக்கும் செயலி தேவைப்பட்டதில்லை. அந்த மாதிரி வீட்டில் அடைபட்ட பெண்ணுக்குத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்த போன்தான் ஒரே ஜன்னல். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் விசாரித்துப் பாருங்கள். வளைகுடாவுக்குப் போன மாப்பிள்ளை குரலைக் கேசட்டில் பதிந்து அனுப்பி, அது ஊருக்குப் போகிற ஆளிடம் கைமாறி வந்து சேர்ந்த காலம் உண்டு. இன்றைக்குப் பிள்ளை தவழ்வதை அங்கிருந்தே பார்க்கிறான். இதையெல்லாம் கொடுத்தது கருவிதான் என்று ஒத்துக்கொள்ளாத கதை பொய்க்கதை. கொடுத்ததையும் எழுதி, அதற்கு என்ன விலை வாங்கியது என்பதையும் எழுதுகிறவனைத்தான் நான் நம்புவேன்.

ஆர்வெல்லின் '1984'ஐக் கேமரா நாவல் என்றே பலர் நினைத்துக்கொண்டு அதை நகலெடுக்கிறார்கள். 1949-இல் வந்த அந்தப் புத்தகத்தில் கட்சிக்காரர்கள் வீட்டிலெல்லாம் உளவுத்திரை இருப்பது வாஸ்தவம். ஆனால் பார்சன்ஸ் என்கிறவனைக் காட்டிக்கொடுத்தது திரையா? தூக்கத்தில் உளறியதைச் சாவித் துவாரத்தில் காது வைத்துக் கேட்ட அவனுடைய ஏழு வயது மகள். அதில் அவனுக்குப் பெருமை வேறு. பயம் உறவைத் தின்பது ஒரு வகை, வசதி தின்பது வேறு வகை. இரண்டையும் ஒரே கதையில் கொட்டிக் கிண்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டுமே வேகாமல் போகிறது.

உள்ளூர் வாசனைக்காக அல்வாவைத் தூவுவதும் வேண்டாம். 2090-இலும் ரோபாட் அல்வா கிண்டுகிறது என்று இதுவரை மூன்று பேர் எழுதியாயிற்று. அதற்குப் பதில் காதை வையுங்கள். மைனி, அத்தான், சித்தி, ஆச்சி என்று ஆளுக்கொரு விளி இருக்கிற ஊர் இது. கருவியிடம் போனால் எல்லாரும் வெறும் 'தொடர்பு'. பத்து வருஷம் அந்தக் கருவியோடு பேசிப் பழகின பிள்ளை, வீட்டுக்கு வந்த மைனியை என்னவென்று கூப்பிடும்? ஒரு சிறுகதைக்கு இதுவே தாராளம்.

கடைசியாக, முடிவு. பத்தில் எட்டுக் கதை கரண்ட் போய் முடிகிறது. யந்திரம் நிற்கிறது, எல்லாரும் வெளியே வந்து நட்சத்திரத்தைப் பார்த்துக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். முக்கூடல் பெண்ணின் கதையிலும் இடி விழுந்து தட்டு செத்தது, இரண்டு பேரும் சிரித்துக் கட்டிக்கொண்டார்கள். ஆனால் நாம் அதை நிஜத்திலேயே பார்த்துவிட்டோமே. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றது, கரண்டும் இல்லை, டவரும் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துக் கொண்டுவந்து போட்டார்கள் என்பது நிஜம், கதையில் அதற்கு இடம் உண்டு. அதே ராத்திரிகளில் ஆற்றோரக் கிராமத்தில் இருந்த என் சித்திக்கு நான் எத்தனை தடவை போன் போட்டேன் என்று கணக்கில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண்குரல் சொல்லச் சொல்ல, அந்த யந்திரம் எப்படியாவது பிழைத்து வரட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பையன் மேட்டில் ஏறி நின்று கூப்பிட்டு, "ஆச்சி நல்லா இருக்காவ, சாப்ட்டாவ" என்று சித்தியைப் பற்றிச் சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டான். சார்ஜ் இல்லையாம். யந்திரம் நின்றால் உறவு மலரும் என்று இனி என்னால் எழுத முடியாது.

இதைச் சொன்னபோது அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் நோட்டை மூடிக்கொண்டாள். அடுத்த மாதம் திருத்திக்கொண்டு வந்தாள். மேடைப்பேச்சு இரண்டு பக்கமும் காணோம், இடியும் காணோம். ஊருக்குள் தண்ணீர் வந்து நாலு நாள் கரண்ட் இல்லை. தட்டு இருட்டாகக் கிடக்கிறது. இசக்கி ஒரு கட்டைக் கொண்டுவந்து பழையபடி பேச்சி பக்கம் தள்ளுகிறாள். பேச்சி எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏ மைனி, கரண்டு வந்தா இதையும் சேத்துப் பாத்துருமோ?" என்று கேட்கிறாள். இசக்கி பதில் சொல்லவில்லை. கட்டு மறுபடி தரைக்கு வருகிறது. இரண்டு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.