கிருஷ்ணகிரில தினசரி ஓட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கணுமா? முதல்ல இருந்து சொல்றேன்

பெங்களூரு நமக்கு 90 கிலோமீட்டர் தான். புதுசுல விலைய கேட்டா வாயப் பொளக்குற காரெல்லாம் அங்க நாலஞ்சு வருஷம் ஓட்டி அலுத்துப் போய் விக்க நிக்குது, ஓசூர் தாண்டினா போதும். ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் எடுக்குறது வேற, தினம் வேலைக்கு ஓட்டிட்டுப் போறது வேற. இந்தப் பதிவு தினம் ஓட்டப் போறவங்களுக்கு.

ஸ்டெப் 1: காரப் பாக்குறதுக்கு முன்னாடி ரோட்டப் பாருங்க

என்எச் 44ல எந்தக் காரும் ஓடும், பிரச்சனை அதுல இருந்து இறங்குன அப்புறம்தான். காவேரிப்பட்டணம், பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் கிராமத்து ரோட்டுல பெயிண்ட் கூட அடிக்காம மலை மாதிரி ஒரு வேகத்தடை போட்டு வெச்சிருப்பாங்க, தாழ்வான கார்ல நாலு பேர் ஏறிட்டா அடி தட்டும், தட்டுறது பிளாஸ்டிக் கவர்னா தப்பிச்சீங்க, எஞ்சினுக்கு அடில ஆயில் நிக்கிற சேம்பர்னா ஆயில் ஒழுகி வண்டி நடுரோட்டுல நின்னுடும். வீட்டுல இருந்து வேலைக்குப் போற வழில இருக்கிற மோசமான வேகத்தடை எது, வீட்டு வாசல் சாய்வு எவ்ளோனு ஒரு வாட்டி பாத்து வெச்சுக்கங்க. இதுல தேறாத கார் எவ்ளோ சீப்பா வந்தாலும் லிஸ்ட்ல இருந்து தூக்கிடுங்க.

டயர் சைஸும் பாருங்க. 225/40 ஆர்18னு எழுதியிருந்தா அகலம் 225 மில்லிமீட்டர், சைடு உயரம் அதுல 40 சதவீதம், அதாவது வெறும் 90 மில்லிமீட்டர். ராத்திரி ஒரு பள்ளத்துல விட்டீங்கனா டயர் வீங்கிடும், அலாய் வளைஞ்சிடும்.

ஸ்டெப் 2: எந்தக் கார்

பிஎம்டபிள்யூ இசட்4, ஆடி டிடி மாதிரி ரெண்டு கதவு கார தினசரிக்கு நான் சொல்ல மாட்டேன், குடும்பம் இருந்தா வீட்டுல தினம் சண்டை தான். பாக்க சாதாரணமா இருந்து மிதிச்சா பறக்குற கார் தான் நம்மூருக்குச் செட் ஆகும். 2013ல வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 105 குதிரை சக்தி, கையடக்கமான கார், ஆனா அதோட ஏழு கியர் டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் வெச்ச ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயில்ல முங்காத டிரை கிளட்ச், பம்பர் டு பம்பர் டிராஃபிக்ல சூடாகும், கிளட்ச்சும், கியர மாத்துற கன்ட்ரோல் யூனிட்டான மெக்கட்ரானிக்ஸும் செலவு வைக்கிற ஐட்டம். 2020ல இருந்து வந்த போலோ 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்ல, கிளட்ச்சுக்குப் பதிலா ஆயில் வழியா சக்தி கடத்துற சாதா டார்க் கன்வெர்ட்டர் (torque converter) கியர்பாக்ஸ், கவலை கம்மி, என் ஓட்டு அதுக்குத்தான். பட்ஜெட் கூட இருந்தா 2017ல வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 2 லிட்டர் டர்போ, 230 குதிரை, டிக்கில மூணு மாம்பழக் கூடை கூட வைக்கலாம். ஃபியட்டோட அபார்த் புன்டோ 145 குதிரை, ஓட்ட சூப்பரா இருக்கும், ஆனா ஃபியட் பிராண்டே இப்ப இந்தியால விக்கிறதில்ல, பார்ட்ஸுக்கு அலைய தெம்பு இருந்தா எடுங்க.

எதுவா இருந்தாலும் சர்வீஸ் எங்கனு முன்னாடியே கேட்டு வைங்க. பெங்களூருக்கோ சேலத்துக்கோ போகணும்னா ஒவ்வொரு வாட்டியும் ஒரு நாள் லீவு.

ஸ்டெப் 3: நம்பர வெச்சு வீட்டுல இருந்தே தோண்டுங்க

பரிவாகன்ங்கிற அரசு போக்குவரத்து சைட்டுல, ஆப்புல வண்டி நம்பர் போட்டா எத்தனாவது ஓனர், இன்சூரன்ஸ் எப்ப முடியுது, லோன் பாக்கி இருக்கானு தெரியும். இ-சலான், அதாவது டிராஃபிக் ஃபைன், தனியா பாருங்க, பெங்களூரு வண்டில அது மூட்டை மூட்டையா இருக்கும், எல்லாத்தையும் விக்கிறவரே கட்டி முடிக்கட்டும்.

ஸ்டெப் 4: நேர்ல பாக்குறது

காலைல போங்க, வண்டிய ஸ்டார்ட் பண்ணி வைக்க வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. போனதும் பானெட்ட தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா ஏதோ ஒண்ண மறைக்கத்தான் ஓட்டி வெச்சிருக்காங்களோனு சந்தேகப்படலாம், ஆற விட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. முதல் சில செகண்ட் வர்ற டக் டக் சத்தமும் சைலன்சர் புகையும் குளிர்ந்த எஞ்சின்ல தான் உண்மையச் சொல்லும்.

அடுத்தது வெள்ளம். 2022 செப்டம்பர்ல பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு பக்கம் எவ்ளோ காஸ்ட்லி கார் தண்ணில நின்னுச்சுனு நியூஸ்ல பாத்திருப்பீங்க. அப்படி முங்குன வண்டிய பாலிஷ் போட்டு விக்கிறவங்க சீட் பெல்ட்ட முழுசா தொவைக்க மாட்டாங்க. பெல்ட்ட கடைசி வரைக்கும் மெதுவா இழுங்க, உள்ள சுருண்டிருந்த கடைசி ஒரு அடில காப்பிக் கலர்ல கோடு விழுந்திருந்தாலோ மண்ணு நரநரன்னு கைல பட்டாலோ அப்படியே விட்டுட்டு டீ குடிக்கப் போயிடுங்க. சீட்டுக்கு அடில தண்டவாளத்துல துரு, ஸ்டெப்னி குழில சேறு, இதையும் டார்ச் அடிச்சுப் பாருங்க.

டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருந்தாலும் பழசு பழசுதான், நாலையும் மாத்துற காச விலைல கழிங்க. சேஸிஸ் நம்பரும் ஆர்சில உள்ளதும் ஒண்ணானு நீங்களே படிங்க. ஃபெண்டர் போல்ட்ல ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தா டிங்கரிங் நடந்திருக்கு.

ஒரு சின்ன ஓபிடி ஸ்கேனர் (கார்ல சொருகுனா எஞ்சின் கம்ப்யூட்டர்ல இருக்கிற எரரக் காட்டுற கருவி) வாங்கிட்டுப் போங்க. எரர் ஒண்ணுமே இல்லைனு காட்டும், சந்தோஷப்படாதீங்க, கார் தன்னைத் தானே செக் பண்ணி முடிச்சிடுச்சானு காட்டுற ரெடினஸ் மானிட்டர் பக்கத்தப் பாருங்க, அங்க நிறைய "ரெடி இல்ல"னு வந்தா யாரோ இப்பத்தான் எரர அழிச்சிருக்காங்க, இல்ல பேட்டரிய கழட்டி மாட்டியிருக்காங்க. ரீமேப் (பவர் கூட்ட எஞ்சின் சாஃப்ட்வேர மாத்துறது), லவுட் சைலன்சர், கீழ இறக்குன ஸ்பிரிங் இதெல்லாம் போட்ட வண்டிய புதுசா வாங்குறவங்க தொடாதீங்க.

ஸ்டெப் 5: டெஸ்ட் டிரைவ்

வேகமா ஓட்டுறத விட மெதுவா ஓட்டிப் பாக்குறது தான் முக்கியம். ஆக்ஸிலேட்டர தொடாம ஊர்ந்து போகும்போது ஆட்டோமேட்டிக் நடுங்குதா, மேட்டுல ரிவர்ஸ் எடுக்கும்போது குதிக்குதானு பாருங்க. நாலு பேரா போங்க, பின் சீட்டுலயும் ஆள ஏத்தி ஒரு வேகத்தடைல விட்டுப் பாருங்க, ஓனர் மூஞ்சி சுளிச்சா சுளிக்கட்டும். வாங்குன அப்புறம் தொப்பூர் மலை இறக்கத்துல இறங்கும்போது பிரேக் மேலயே காலை வைக்காம கியரக் குறைச்சு இறங்கிப் பழகுங்க, ஸ்போர்ட்ஸ் கார் பிரேக்கும் சூடாகும்.

ஸ்டெப் 6: பேப்பர்

கேஏ நம்பர் வண்டிய 12 மாசத்துக்கு மேல இங்க வெச்சு ஓட்டணும்னா நம்ம ஸ்டேட் நம்பருக்கு மாத்தணும், கிருஷ்ணகிரினா டிஎன் 24, தர்மபுரினா 29, ஓசூர்னா 70. விக்கிறவர் அவரோட ஆர்டிஓல ஃபார்ம் 28 போட்டு என்ஓசி (தடையில்லாச் சான்று) எடுத்துத் தரணும், பேர் மாத்துற ஃபார்ம் 29, 30ல கையெழுத்து போடணும், லோன் இருந்துச்சுனா அத ஆர்சில இருந்து நீக்க ஃபார்ம் 35ம் பேங்க் லெட்டரும் வேணும், புது நம்பருக்கு ஃபார்ம் 27. இதோட தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸும் கட்டணும், வண்டியோட விலையையும் வயசையும் பொறுத்து அது நல்ல தொகையா வரும், விலை பேசுறதுக்கு முன்னாடியே ஆர்டிஓல கணக்கு கேட்டுட்டு வந்துடுங்க. அங்க கட்டுன வரில மிச்சத்த கர்நாடகால ரீஃபண்டு கேக்கலாம், ஆனா அலைச்சல்.

என்ஓசி கைக்கு வர்ற வரைக்கும் டோக்கன் அட்வான்ஸ் தவிர பைசா தராதீங்க. ஓனர் மாறுன 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸ உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுங்க, அவரோட நோ க்ளைம் போனஸ் உங்களுக்கு வராது, அதனால பிரீமியம் அவர் சொன்னத விட கூடத்தான் வரும்.

பெட்ரோல் மூடிக்கு உள்ள ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரையும் படிங்க, டர்போ கார் நிறைய 95 ஆக்டேன் கேக்கும். 2023 ஏப்ரலுக்கு முந்தி வந்ததுனா இ20 பெட்ரோலுக்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) ஏத்த ரப்பர் பைப் இருக்கானு மெக்கானிக் கிட்ட கேட்டுட்டு முதல் டேங்க் போடுங்க.