ஸ்னோ ஒத்துவராதா, வெக்கை ஒத்துவராதா? யாழ்ப்பாணம் போக மாதம் பார்ப்பது எப்படி

ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போகிற குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு மாதத்தைத் தீர்மானிப்பது பிள்ளைகளின் பள்ளிக்கூடம். ஒன்றில் யூலை, ஓகஸ்ட் விடுமுறை, இல்லாவிட்டால் நத்தாரை ஒட்டிய இரண்டு கிழமை. ரிக்கற் விலை உச்சத்தில் நிற்பதும் இந்த இரண்டு வேளையிலும்தான். வெக்கையா குளிரா, உங்கள் உடம்புக்கு எது ஒத்துவராது என்று யோசித்துத் திகதி எடுக்கிறவர்கள் குறைவு. ஆனால் போய் இறங்கிய மூன்றாம் நாள் பயணம் இனிக்கிறதா கசக்கிறதா என்பது பெரும்பாலும் அதில்தான் தங்கியிருக்கிறது.

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. நான் ஸ்னோக் கட்சி. முழங்கால் வரை கொட்டினாலும் வழித்துவிட்டு வந்து ஒரு தேத்தண்ணி குடித்தால் எனக்குப் போதும். மனைவி வெயில் கட்சி. ஒக்ரோபர் பிறந்தாலே முகம் வாடிவிடும். வெயில் கட்சிக்காரரோடு பேசிப் பார்த்தால் அவர்களில் பலருக்குக் குளிரை விட இருட்டுத்தான் தாங்க முடியாமல் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னரே பொழுது பட்டுவிடும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஐந்தே முக்காலுக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில்தான் பொழுது படும். அப்படிப்பட்டவர்களுக்கு வேண்டியது வெளிச்சம். வெளிச்சத்துக்காக சித்திரை வெயிலில் போய் வேகத் தேவையில்லை; தை மாதமே போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிர் பிடிக்காதவர் எல்லாரும் வெக்கை தாங்குவார் என்று நினைக்காதீர்கள். ஸ்காபரோவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது 'இந்தக் குளிர் வேண்டாம், ஊருக்கே போயிடலாம்' என்று புலம்புகிறவர்தான் ஊரில் மத்தியான வெயிலில் முதலில் தலை சுற்றி உட்காருகிறவர். முப்பது வருடம் ஹீற்றருக்கும் ஏசிக்கும் இடையில் வாழ்ந்த உடம்பு அது. நீங்கள் எந்தக் கட்சி என்று பழைய நினைவை வைத்துச் சொல்லாமல், போன யூலையில் ரொறன்ரோவில் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து 40 பாகை போல உணர்ந்த நாட்களை எப்படிக் கழித்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

முதலில் தவிர்க்க வேண்டிய மாதங்களைப் பார்த்துவிடுவோம். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு நேரே வரும். மத்தியானம் உங்கள் நிழல் காலுக்குள் ஒளிந்துகொள்ளும். அதைத் தொடர்ந்து வைகாசியில் பஞ்சாங்கம் சொல்லும் காண்டாவனம் என்ற உச்ச வெக்கைக் காலம். காற்றும் விழுந்துவிடும், மழையும் இராது, இரவிலும் அவிச்சல். நுங்கும் கருப்பநீரும் கிடைக்கிற காலம் என்பது உண்மை. அதற்காக நாலு வயதுப் பிள்ளையையும் எழுபது வயது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். சித்திரை வருடப்பிறப்பை ஊரில் கொண்டாடியே ஆகவேண்டும் என்றால் ஏசி உள்ள அறை ஒன்று உறுதியான பிறகு ரிக்கற் எடுங்கள்.

ஐப்பசியும் கார்த்திகையும் மாரி. யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் கொட்டும். 2008 நவம்பரில் நிஷா புயல், 2020 டிசம்பரில் புரெவி என்று இந்தப் பருவத்தில் குடாநாடு வெள்ளத்தில் மிதந்தது. கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு, நெடுந்தீவுப் படகுகள் ஓடாது. மழைச் சத்தத்தில் ஓட்டு வீட்டுக்குள் படுத்திருக்கும் சுகத்துக்காகவே போகிறவர்கள் உண்டு, அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

ஆடி, ஆவணி பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு வேறு வழியில்லை. வெக்கைதான், பகலில் முப்பதைத் தாண்டி நிற்கும், இரவிலும் 26க்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் இரண்டு விஷயம் உங்களுக்குச் சாதகம். ஒன்று, ரொறன்ரோவின் கோடையிலிருந்து போகிறீர்கள். உடம்பு ஓரளவு வியர்க்கப் பழகியிருக்கும். மற்றது சோளகம். தென்மேற்கிலிருந்து அடிக்கிற இந்தக் காற்று புழுதியை அள்ளிக் கண்ணில் போடும், கொடியில் காய்கிற உடுப்பைப் பக்கத்து வளவுக்குக் கொண்டுபோகும், ஆனால் வியர்வையைக் காயவைக்கும். அதனால் படுக்கிற அறையைத் தெரிவு செய்யும்போது மேற்குப் பக்கமோ தெற்குப் பக்கமோ யன்னல் உள்ள அறையைக் கேளுங்கள். விருந்தாளிக்கென்று புதிதாகக் கட்டிய மேல்மாடி அறையைத்தான் தருவார்கள். கொங்கிறீட் தட்டுக்குக் கீழே அது இரவு பத்து மணிக்கும் கொதித்துக்கொண்டிருக்கும். பழைய ஓட்டுத் தாழ்வாரத்தில் பாய் போட்டால் நன்றாக நித்திரை வரும்.

குளிப்பையும் நேரம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கூரையில் இருக்கும் தண்ணீர்த்தாங்கி பகல் முழுக்கக் காய்வதால் பின்னேரம் பைப்பைத் திறந்தால் சுடுதண்ணீர்தான் வரும். கிணறு உள்ள வீடென்றால் கிணற்றடிக்கே போங்கள். கனடாவில் பிறந்த பிள்ளைகள் முதல் வாளித் தண்ணீருக்குக் கத்துவார்கள், பிறகு வெளியே எடுப்பது கஷ்டம். குடிக்க மட்டும் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். சுண்ணாம்புப் பாறை நிலம், பழகாத வயிறு ஏற்றுக்கொள்ளாது.

நல்லூர்த் திருவிழா 25 நாள்; தேர் கடைசிக்கு முதல் நாள், தீர்த்தம் ஆவணி அமாவாசையில். ஆகஸ்ட் கடைசியில் சூரியன் மறுபடியும் உச்சிக்கு வருவதால், திருவிழா பிந்துகிற வருடங்களில் வெயில் கூடுதலாகவே இருக்கும். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை மறித்துவிடுவார்கள், வெறுங்காலோடு கணிசமான தூரம் நடக்க வேண்டும். ஆண்கள் மேலாடையைக் கழற்றித்தான் உள்ளே போகலாம். ஆறு மாதம் ஜக்கெற்றுக்குள் இருந்த முதுகு அது, வெளி வீதியில் நெடுநேரம் நின்றால் உரியும். மத்தியானப் பூசைக்குப் போகாமல் அதிகாலையிலோ பின்னேரத் திருவிழாவுக்கோ போங்கள். தேரன்று விடியப் புறப்படுங்கள். திரும்பி வரும் வழியில் நல்லூரடி ஐஸ்கிரீம் கடையைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெயில் கட்சிக்காரர் இந்தப் பருவத்துக்காக வாதாடுவது சாப்பாட்டை வைத்துத்தான், அதில் நியாயம் இருக்கிறது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஆனியிலும் ஆடியிலும் திருநெல்வேலிச் சந்தையில் குவிந்திருக்கும்; யூலை முதல் கிழமையில் இறங்கினால் நல்ல பழம் கிடைக்கும், ஓகஸ்ட் கடைசியில் மிச்சம் மீதிதான். யூலை நடுவில் ஆடிப்பிறப்பு, வீட்டுக்கு வீடு கூழும் கொழுக்கட்டையும். ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கினால் பனங்காய்ப் பணியாரம். கலியாணம் ஒன்றுக்காகப் போகிறீர்கள் என்றால் ஆனி கடைசியும் ஆவணியும்தான். இடையில் ஆடியில் வைக்கமாட்டார்கள். கூறைச்சேலைக்கும் பட்டு வேட்டிக்கும் ஏசி மண்டபம் கேட்பதில் வெட்கப்பட வேண்டாம்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். ஸ்னோ பிடித்தவர்களும், ஸ்னோவுக்குத் தப்பி ஓட நினைக்கிறவர்களும் ஒத்துப்போகக்கூடிய ஒரே காலம் தைப் பொங்கல் முதல் மாசி முடிவு வரை. பகலில் 28, 29. விடியற்காலையில் 22 அளவுக்கு இறங்கும். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று நம் முன்னோர் சொன்னது இந்த 22ஐப் பற்றித்தான். அதை ஊரில் இருப்பவர்கள் இன்றும் உண்மையாகவே நம்புகிறார்கள். ஆறு மணிக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு ஓட்டோ ஓட்டுவார்கள், மைனஸ் 15இல் பள்ளிக்கூடம் போய்ப் பழகிய உங்கள் மகன் பெனியனோடு முற்றத்தில் நின்றால் மாமி ஓடிவருவா: "தம்பி, பனி தலையில இறங்குது, உள்ளுக்க வாங்கோ ராசா." வாதாடாமல் தலையில் துவாயைப் போடச் சொல்லுங்கள்.

இந்தக் காலத்தில் மழை விட்டிருக்கும், வயல் பச்சை மாறி அறுவடைக்கு நிற்கும், குளங்களில் தண்ணீர் இருக்கும். பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா. வாடைக்காற்றில் வீட்டுச் சுவர் அளவு பட்டங்கள் ஏறும், மத்தியானத்துக்கு முன் போனால்தான் நிற்க இடம். கடல் நீரேரிகளிலும் மன்னார்ப் பக்கத்திலும் பூநாரைகள் வந்து நிற்கும் காலமும் இதுதான். பனங்கிழங்கு அவித்துத் தருவார்கள். சிவராத்திரிக்குக் கீரிமலை, திருக்கேதீஸ்வரம். மாசிக்குப் பிறகு தீவுகளுக்குப் படகில் போவதும் சுலபம். ஒரு எச்சரிக்கை: மாரி முடிந்த கையோடு டெங்கு கூடும். அந்த நுளம்பு பகலில் கடிக்கும், அதனால் இரவு வலை மட்டும் காணாது. காலையிலும் பின்னேரமும் நீளக் கை உடுப்பு, நுளம்புக் களிம்பு. இரண்டு நாளைக்கு மேல் காய்ச்சல் இருந்தால் வைத்தியரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பரசிற்றமோல் தவிர வேறு வலிக்குளிசை போடாதீர்கள்.

பள்ளிக்கூடம் என்ன செய்வது? ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு கிழமை லீவு கேட்டு எழுதுங்கள், பெரும்பாலும் பிரச்சினை வராது. ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு யனவரி கடைசியில் பருவச் சோதனை, அவர்களை இழுக்காதீர்கள். நத்தார் விடுமுறைதான் கிடைக்கும் என்றால் அதுவும் பழுதில்லை, மார்கழி விடியலில் திருவெம்பாவை கேட்கலாம். ஆனால் மழை இன்னும் முடிந்திராமல் போகலாம். குடையும் ரப்பர்ச் செருப்பும் கொண்டுபோங்கள்; படகு ஓடாத நாள் வரலாம் என்பதால் தீவுப் பயணத்தைக் கடைசி நாட்களுக்கு வைக்காதீர்கள்.

மூட்டு வலிக்காரரான அம்மா அப்பாவை விண்டர் முழுக்க ஊரில் விடுவது இப்போது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. மார்கழி கடைசியில் போய் பங்குனி கடைசியில், சித்திரை வெயில் ஏறுமுன் திரும்புவது அவர்களுக்கு நல்லது. மூன்று மாதம்தான் ஆகும். அதற்கு மேல் நீட்டுகிறவர்கள் இரண்டு கணக்கை மனதில் வைக்க வேண்டும். ஒன்ராறியோவின் ஓகிப் மருத்துவக் காப்புறுதி தொடர எந்த 12 மாதத்திலும் 153 நாள் மாகாணத்துக்குள் இருக்க வேண்டும். முதியோர் ஓய்வூதியத்தோடு வரும் குறைந்த வருமானக் கூட்டுத்தொகை, ஆறு மாதத்துக்கு மேல் கனடாவுக்கு வெளியே நின்றால் நின்றுவிடும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் ரிக்கற்றுக்கு முன்னர் இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தைப் பாருங்கள். நீரிழிவுக்காரர் இன்சுலினைக் குளிர்ப்பையில் கைப்பையோடு கொண்டுபோக வேண்டும். நீர்க்குளிசை, பிரஷர்க் குளிசை எடுப்பவர்கள் வெக்கையில் அளவு மாற்ற வேண்டுமா என்று குடும்ப வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.

எந்த மாதம் போனாலும் வெக்கைக்குப் பழக உடம்புக்கு ஒன்றிரண்டு கிழமை வேண்டும். கோடையில் ஒன்பதரை, விண்டரில் பத்தரை மணி நேர வித்தியாசத்தில் நித்திரையும் குழம்பியிருக்கும். முதல் நான்கு நாள் பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை வெளியே அலையாதீர்கள். உறவினர் வீடுகளைப் பின்னேரத்துக்கு வையுங்கள். இளநீர், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணி, மோர், எதுவும் நல்லது. வயிற்றாலடித்தால் பாமசியில் ஜீவனி என்று கேளுங்கள். யீன்ஸை விட்டுவிட்டுப் பருத்தி உடுப்பும் சாரமும் எடுத்துப் போங்கள். ஒருவர் வெயிலில் நின்று பேச்சுக் குழம்பினாலோ மயங்கினாலோ நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பை நனைத்துக்கொண்டே 1990க்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும்.

வெக்கை அறவே ஒத்துவராத ஸ்னோக் கட்சிக்காரர் கோடையில்தான் போக நேர்ந்தால் பயணத்தின் நடுவில் நுவரெலியாவுக்கு மூன்று நாள் ஒதுக்கலாம். 1,868 மீற்றர் உயரம், போர்வை இல்லாமல் படுக்க முடியாது. பக்கத்து ரயில் நிலையம் நானுஓயா. ஏப்ரல் விழாக்காலத்தில் மட்டும் அறை விலை கையைக் கடிக்கும்.

இரண்டு கிழமை ஏசி ஓடிய வீட்டின் கறண்ட் பில் நீங்கள் விமானம் ஏறிய பிறகுதான் வரும். சித்தி கேட்கமாட்டா. புறப்பட முன் காசை அவவின் கையில் வைத்துவிட்டு வாருங்கள்.

விண்டரில் போகிறவர்கள் கனடா வீட்டையும் மறக்கக்கூடாது. ஹீற்றரை முழுதாக அணைக்காதீர்கள், குழாய் உறைந்து வெடிக்கும். தண்ணீரைப் பிரதான வால்வில் பூட்டி, பைப்புகளைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். வீட்டுக் காப்புறுதிகள் பலவற்றில் குளிர்காலத்தில் ஆளில்லாத வீட்டை யாராவது வந்து பார்க்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் திறப்பைக் கொடுங்கள். தடித்த ஜக்கெற்றைக் கட்டுநாயக்க விமான நிலையம் வரை சுமக்கத் தேவையில்லை, ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் உங்களை இறக்கிவிடுகிறவரின் காரில் போட்டுவிட்டு, கூட்டிக்கொண்டுபோக வரும்போது எடுத்துவரச் சொல்லுங்கள். வருகிற அன்று அவர் ஸ்னோவில் மாட்டிப் பிந்தக்கூடும் என்பதால் ஒரு ஸ்வெற்றரும் சப்பாத்தும் காலுறையும் கைப்பையிலேயே இருக்கட்டும்.