புராஜெக்ட் கையை மீறிப் போகாமல் இருக்க: முதல்முறை டீம் நடத்துபவர்களுக்கு

ஒரு மளிகைக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர், நான்கு பேர், மூன்று மாதம் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: எதைச் செய்யப் போவதில்லை என்று எழுதுங்கள். பில், இருப்பு, தினசரி கணக்கு உண்டு. மொபைல் ஆப், கடன் நோட்டு இப்போது இல்லை. ஒரு பக்கம் போதும். கடைக்காரரிடம் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே தொடங்குங்கள்.

படி 2: இரண்டாம் வாரத்துக்குள் ஒரு பில்லாவது அச்சாகி வெளியே வரட்டும். ஒரே பொருள், ஒரே விலை; பார்க்கச் சகிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஆளுக்கொரு பகுதியைச் செய்து கடைசியில் இணைத்தால், பிரிண்டர் தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமாக அடிப்பது கடைசி வாரத்தில்தான் தெரியவரும்.

படி 3: வெள்ளிதோறும் "எவ்வளவு முடிந்தது?" என்று கேட்காதீர்கள். "ஓட்டிக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். "90 சதவீதம் முடிஞ்சது சார்" என்ற பதில் மூன்று வாரமானாலும் மாறாது. யாரும் பொய் சொல்லவில்லை, மீதி எவ்வளவு என்று அவர்களுக்கே தெரியாது, அவ்வளவுதான். ஓடினால் 1, ஓடாவிட்டால் 0. பாதி மார்க் கிடையாது.

படி 4: நடுவில் வரும் புதுக் கோரிக்கைக்கு விலை சொல்லுங்கள். பல புராஜெக்ட்கள் இங்கேதான் கவிழ்கின்றன. அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தில், பயணிகளின் பெட்டிகளைத் தானாகவே கொண்டு சேர்க்க ஒரு விமான நிறுவனத்துக்காக யோசித்த அமைப்பை நிலையம் முழுவதற்கும் விரித்தார்கள். திறப்புத் தேதியோ அப்படியே இருந்தது. 1994-இல் பத்திரிகையாளர்கள் முன் ஓட்டிக் காட்டியபோது பெட்டிகள் கிழிந்து சிதறின. 1993 அக்டோபரில் திறக்க வேண்டிய நிலையம் 1995 பிப்ரவரியில்தான் திறந்தது. 2005-இல் அந்த அமைப்பையே கைவிட்டார்கள்.

ஆகவே கடைக்காரர் கடன் நோட்டும் கேட்டால், "சேர்த்திடலாம் அண்ணாச்சி. தினசரி கணக்கை அடுத்த மாசம் வச்சுக்கலாமா, இல்ல மொத்தத் தேதியையே ரெண்டு வாரம் தள்ளலாமா?" என்று கேளுங்கள். பாதிக் கோரிக்கைகள் அங்கேயே மறைந்துவிடும்.

படி 5: பிந்திவிட்டதா? ஆள் சேர்க்காதீர்கள். நான்கு பேர் என்றால் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் 6. எட்டுப் பேர் என்றால் 28. போதாததற்கு, புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர் தன் வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டும். வேலையைக் குறையுங்கள். தாமதம் தெரிந்த அன்று மாலையே அண்ணாச்சிக்கு போன் போட்டு, எதை விடலாம் என்று அவரையே கேளுங்கள். நீங்கள் தொடவே பயந்த ஒன்றை அவர் சாதாரணமாக விட்டுக்கொடுப்பார்.