தூங்கி எழுந்தும் தீராத அசதி: எங்கே தவறுகிறோம்?

எட்டு மணி நேரம் படுத்திருந்தும் காலையில் உடல் கனத்துக் கிடக்கிறது என்போர், அதைப் பெரும்பாலும் ‘டயர்டாக இருக்கிறது’ என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவிடுகிறார்கள். அசதி வேறு, தூக்கக் கலக்கம் வேறு என்பது தமிழில் தெளிவாகவே இருந்தும், பேச்சு வழக்கில் அந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டோம். பேருந்தில் உட்கார்ந்த சில நிமிடங்களில் கண் சொக்குகிறவருக்கு இருப்பது தூக்கக் கலக்கம். கை கால் ஓய்ந்துபோய்ப் பகலில் படுத்தாலும் கண்மூட முடியாதவருக்கு இருப்பது அசதி. இரண்டுக்கும் காரணங்களும் தீர்வுகளும் பல நேரங்களில் வேறுவேறு என்பதால், இவற்றைக் குழப்பிக்கொள்வதையே முதல் தவறு என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்தக் குழப்பத்திலிருந்து பிறப்பதுதான் ‘சீக்கிரம் போய்ப் படு’ என்ற அறிவுரை. இரவு பதினொன்றரைக்கு உறங்கிப் பழகியவர் ஒன்பதரைக்கே விளக்கை அணைத்துவிட்டால், உறக்கம் இரண்டு மணி நேரம் முன்னதாக வந்துவிடாது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்துகொண்டே வந்து உறக்கத்தைத் தூண்டும் அடினோசின் என்ற வேதிப்பொருளும், பகல் வெளிச்சத்தைக் கொண்டு தன்னைச் சரிசெய்துகொள்ளும் உடற்கடிகாரமும் ஒத்துவரும்போதுதான் உறக்கம் கூடுகிறது. வழக்கமான உறக்க நேரத்துக்கு முந்தைய ஓரிரு மணி நேரம் அந்தக் கடிகாரம் விழிப்பையே தூண்டிக்கொண்டிருக்கும் என்பதால், அப்போது படுப்பவர் புரண்டுகொண்டிருக்கத்தான் நேரும். இது நாள்தோறும் தொடர்ந்தால், படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை பழகிவிடுகிறது. கூடத்தில் தொலைக்காட்சியின் முன் தலை சாய்ந்தவர், எழுந்து படுக்கைக்குப் போனதும் விழித்துக்கொள்வது இதனால்தான்.

ஆகவே நிலைப்படுத்த வேண்டியது படுக்கும் நேரத்தை அல்ல, எழும் நேரத்தை. இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் ஒரே நேரத்தில் எழுந்து, சிறிது நேரம் வெளி வெளிச்சத்தில் நிற்பதும், கண் சொக்கிய பிறகே படுப்பதும், இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய ஒளியில் வேறு எதையாவது செய்துவிட்டுத் திரும்புவதும் பலன் தருகின்றன. இதில் இருபது நிமிடம் என்பது உத்தேசம்தான். அதைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே கிடப்பது தனித் தவறு. வார நாட்களில் ஆறு மணிக்கு எழுபவர் ஞாயிறன்று ஒன்பது மணி வரை உறங்கினால், அன்றிரவு தூக்கம் தள்ளிப்போய், திங்கட்கிழமைக் காலை பாழாகிறது. பகலில் தூங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மூன்று மணிக்கு முன்பாக இருபது, முப்பது நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மாலைக் காபியைக் குறை சொன்னால் நம் வீடுகளில் யாருக்கும் பிடிக்காது. ஆனாலும், குடித்த காபியிலுள்ள கஃபீன் என்ற ஊக்கப்பொருளில் பாதி உடலை விட்டு நீங்கச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆறு மணிக்குக் குடித்ததில் ஏறக்குறைய பாதி, பதினொரு மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். கஃபீன் அடினோசினைக் குறைப்பதில்லை. மூளை அதை உணராதபடி மறைக்கிறது, அவ்வளவுதான். ‘காபி குடித்தாலும் எனக்குத் தூக்கம் வரும்’ என்பவர்களுக்கு உறக்கம் வரலாம், ஆனால் அதில் ஆழ்ந்த உறக்கத்தின் பங்கு குறையக்கூடும். மதுவும் இப்படித்தான்: விரைவில் உறங்கவைத்து, பின்னிரவைத் துண்டு துண்டாக்குகிறது. ஒவ்வாமைக்கான மாத்திரையைத் தூக்கத்துக்கென்று தாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள், மறுநாள் பகலின் மந்தத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்பதை யோசிப்பதில்லை.

இவற்றையெல்லாம் திருத்திக்கொண்டும், போதிய நேரம் உறங்கியும், பகலில் கண் செருகுகிறது என்றால் குறட்டையைக் கவனிக்க வேண்டும். ‘அடித்துப் போட்டாற்போல் குறட்டைவிட்டுத் தூங்குகிறார்’ என்று ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாக அதைச் சொல்வது நம்மிடையே வேரூன்றிய தவறு. உரத்த குறட்டை திடீரென நின்று, சில நொடிகளுக்குப் பின் திணறலோடு மீண்டும் தொடங்கினால், தொண்டையின் மூச்சுப்பாதை அடைபட்டுத் திறக்கிறது என்று ஐயுற இடமுண்டு. மூச்சு பத்து நொடியோ அதற்கு மேலோ தடைபடுவது மணிக்கு 5 முறையை எட்டினாலே உறக்க மூச்சுத்தடை என்றும், 30 முறையை எட்டினால் கடுமையானது என்றும் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு தடையின்போதும் மூளை நொடிப்பொழுது விழித்துக்கொள்ளலாம். ஆனால் காலையில் உறங்கி எழுந்தவருக்கு அது நினைவிருக்காது. வறண்ட வாயும் தலைவலியும் மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தமும் மட்டுமே தடயங்களாக நிற்கும். பருத்த உடலினருக்குத்தான் இது வரும் என்று எண்ண வேண்டாம். தாடை சிறுத்த ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. மூக்கின் மீது பொருத்தும் முகமூடி வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிகிச்சை 1981 முதலே அறியப்பட்டது.

கண் செருகாத வெறும் அசதிக்குக் காரணம் பல நேரங்களில் இரவில் இருப்பதில்லை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருந்தது. அவர்களின் களைப்பை ‘தூக்கம் போதவில்லை’ என்று தள்ளிவிடுவது, இரும்புச்சத்து இல்லாத உடலிடம் இன்னும் ஒரு மணி நேரம் படு என்று சொல்வதற்கு ஒப்பாகும். சாப்பாட்டோடு குடிக்கும் காபியும் தேநீரும் இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைப்பதால், இங்கேயும் அந்தக் காபி வந்து நிற்கிறது. தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் இதே முகத்தோடு வருவதுண்டு. இவற்றில் மனச்சோர்வு நீங்கலாக மற்றவை எளிய இரத்தப் பரிசோதனைகளில் தெரிந்துவிடும்.

மருத்துவரிடம் போகும்போது, படுத்த நேரம், எழுந்த நேரம், பகலில் கண்ணயர்ந்த இடங்கள் ஆகியவற்றை இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போவதும், உடன் உறங்குபவரிடம் சொல்லிக் குறட்டையைக் கைபேசியில் பதிவுசெய்து கொண்டுபோவதும், ‘டயர்டு’ என்ற சொல்லைவிட அவருக்கு அதிகம் சொல்லும். பேருந்தில் உறங்கிவிடுகிறேனா, இல்லை உறங்க முடியாமல் ஓய்ந்திருக்கிறேனா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடலாம்.