பட்டை தீட்டாத கல்லை இணையத்தில் வாங்கும்போது

செங்கோட்டைக்கு மேற்கே மலை தாண்டினால் கேரளம். அங்கே திருவனந்தபுரம் பகுதியில் வைடூரியம் கிடைப்பதால், 'அந்த ஊர்க் கல்' என்ற விளம்பரத்தை நம்பி நானும் ஒரு பொட்டலம் வரவழைத்தேன். படத்தில் தேனாக மின்னிய கற்கள், பிரித்தபோது சாம்பல் பூத்துக் கிடந்தன. தண்ணீரில் போட்டதும் மினுமினுப்பு திரும்பியது. நனைந்த கல்லில் மேற்பரப்பு வெடிப்புகள் மறைந்து, நிறம் கூடித் தெரியும் என்பதால், உலர்ந்த கல்லைப் பின்னிருந்து விளக்கடித்து எடுத்த வீடியோவை முதலில் கேளுங்கள்.

மொத்த எடையை மட்டும் சொன்னால் ஒவ்வொரு கல்லின் எடையையும் கேட்க வேண்டும். 1 கிராம் 5 காரட் என்பதால், காரட் விலை மலிவாகத் தோன்றி ஏமாற்றும். பட்டை தீட்டும்போது பாதிக்கு மேல் தூளாகப் போவதும் வழக்கம்.

கல் கைக்கு வந்ததும், பார்சலைப் பிரிப்பதையே படம்பிடித்துக்கொண்டு, முதலில் காற்றிலும் பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டும் எடை பாருங்கள். காற்றில் உள்ள எடையை, தண்ணீரில் குறைந்த எடையால் வகுத்தால் வைடூரியத்துக்கு ஏறத்தாழ 3.7 வரும். என்னுடையது 10.6 கிராம், தண்ணீரில் 4 கிராம் குறைந்தது. விடை 2.65, அதாவது வெறும் குவார்ட்ஸ் என்ற படிகக் கல்.