காப்பெற் வீதியை லேசரால் அளப்பது: வன்னி வீதிகளுக்கான செய்முறை

வாகனத்தின் பம்பரில் பூட்டும் லேசர் புரொபைலர், காப்பெற் வீதியின், அதாவது தார்க்கலவை பரப்பிய வீதியின், மேடு பள்ளத்தை ஓடிக்கொண்டே அளக்கும். இரண்டு சில்லுத் தடங்களுக்கும் நேர் மேலே ஒவ்வொரு லேசரும் அதனோடு ஓர் ஆர்முடுகல்மானியும் இருக்கும். பின் சில்லில் தூரமானி, கூரையில் ஜி.பி.எஸ். தாருக்கும் பம்பருக்கும் உள்ள இடைவெளியை லேசர் சொல்லும். வாகனம் எவ்வளவு துள்ளியது என்பதை ஆர்முடுகல்மானி சொல்லும். துள்ளலைக் கழித்தால் மிஞ்சுவது வீதியின் வடிவம். 25 மி.மீற்றருக்கு ஒரு புள்ளியாவது பதிவாக வேண்டும்.

அந்த வடிவத்தின் மேல், 80 கி.மீ. வேகத்தில் ஒரு கார்ச் சில்லு ஓடினால் எப்படி ஆடும் என்று மென்பொருள் கணக்கிட்டுத் தருவதே சர்வதேசக் கரடுமுரட்டுச் சுட்டெண் (ஐ.ஆர்.ஐ.). 1982இல் பிரேசிலில் உலக வங்கி நடத்திய சோதனையிலிருந்து பிறந்த அளவு இது. அலகு மீ/கி.மீ. புதிய தார்ப்பரப்பு பொதுவாக 1.5 முதல் 3.5 வரை நிற்கும்; பழுதடைந்தது 4 முதல் 11 வரை போகும்.

முதலில் காலத்தைத் தெரிவு செய்யுங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வேண்டாம். ஈரப்பரப்பில் லேசர் ஒளி சிதறி வாசிப்பு விடுபடும். தேங்கிய தண்ணீர் பள்ளத்தையே மறைத்துவிடும். பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை முடிந்து வீதியோரத்தில் நெல் காயும். லேசருக்கு நெல்லும் தாரும் ஒன்றுதான். மே தொடக்கம் செப்டெம்பர் வரை நல்லது. ஆனால் சோளகக் காற்று புழுதியைக் கிளப்பும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் லேசர்க் கண்ணாடியை மென்துணியால் துடையுங்கள்.

அளவுச்சரிபார்ப்பில்தான் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது. அவசரப்பட்டு இதைக் குறைத்தால் பின்னால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. ரயர்க் காற்றைச் சரிபார்த்து, 20 நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். ரயர் சூடேறும்போது சுற்றளவு மாறும். உருக்கு நாடாவால் நேரான துண்டொன்றில் 1 கி.மீ. அளந்து குறியிட்டு, மூன்று முறை ஓடித் தூரமானியைச் சரிசெய்யுங்கள். 0.1% பிழை சிறிதாகத் தெரியும், 50 கி.மீ. ஓட்டத்தின் முடிவில் அது 50 மீற்றர், பதிவில் மதகு ஒன்று பக்கத்துத் துண்டுக்குப் போய்விடும்.

அடுத்து, வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, லேசருக்குக் கீழ் 25, 50 மி.மீ. தடிப்புள்ள உலோகக் கட்டைகளை வையுங்கள். வித்தியாசம் 0.25 மி.மீற்றரைத் தாண்டினால் லேசரில் கோளாறு. பின்பு துள்ளல் சோதனை: வண்டி நின்றபடி இருக்க, மென்பொருளுக்குப் பொய் வேகம் கொடுத்து, பம்பரை இருவர் மேலும் கீழும் ஆட்டுங்கள். வண்டி நகராததால் ஐ.ஆர்.ஐ. பூச்சியத்தை ஒட்டி வரவேண்டும், 0.13ஐத் தாண்டினால் ஆர்முடுகல்மானி லேசரோடு ஒத்துப்போகவில்லை. கடைசியாக 500 மீற்றர்த் துண்டொன்றை மூன்று முறை அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று 5 சதவீதத்துக்குள் வராவிட்டால் அன்றைக்கு வேலையைத் தொடங்காதீர்கள்.

ஓடும்போது 50 முதல் 80 கி.மீ. வேகத்தைச் சீராக வையுங்கள். தொடக்கப் புள்ளிக்கு 150 மீற்றர் முன்பே வேகத்தை எட்டிவிடுங்கள். 25 கி.மீற்றருக்குக் கீழே இறங்கினாலோ, திடீரெனப் பிரேக் பிடித்தாலோ நீண்ட அலைகள் பொய்யாகப் பதிவாகும். ஏ9 வீதியில் மாடுகள் குறுக்கே நிற்பது வழமை. அந்த இடத்தைக் குறித்து, திரும்பி வந்து மீண்டும் அளந்துகொள்ளுங்கள். மதகு, பால மூட்டு, புகையிரதக் கடவை, கிலோமீற்றர்க் கல் எல்லாவற்றுக்கும் விசையை அழுத்திக் குறியிடுங்கள். ஒடுங்கிய உள்வீதியில் எதிரே உழவு இயந்திரம் வந்து ஓரத்துக்கு இறங்கினால், அந்தத் துண்டும் கழிவு. சந்தையடியில் நிற்கும்போது லேசரை அணையுங்கள், அது கண்ணுக்குத் தீங்கு.

தாரூற்றிக் கல் தூவிய பரப்பில் ஒற்றைப் புள்ளி லேசர் கற்களின் இடுக்கில் விழுந்து எழும்பி, ஐ.ஆர்.ஐ.யைக் கூட்டிக் காட்டும். அங்கே 100 மி.மீ. அகலக் கோட்டு லேசரே பொருத்தம். புத்தம்புதுக் கறுப்புக் காப்பெற் ஒளியை விழுங்கும்; அப்போது விடுபட்ட வாசிப்புகளின் வீதத்தைப் பாருங்கள்.

மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். அதன்மேல் போட்ட வீதி வெடிக்காமலே நீண்ட அலையாக ஆடும். ஐ.ஆர்.ஐ. ஏறத்தாழ 1.3 முதல் 30 மீற்றர் வரையான அலைகளை உணர்வதால் இது எண்ணில் தெரியும், ஒளிப்படத்தில் தெரியாது. சில்லுத்தடப் பள்ளத்துக்கு ஐ.ஆர்.ஐ. போதாது, குறுக்காக அளக்கும் லேசர் வேண்டும், அதையும் சில இடங்களில் 2 மீற்றர் நேர்கோல் வைத்துச் சரிபாருங்கள். அத்திவாரத்தின் பலத்தை லேசர் காணாது. பளபளக்கும் புதுக் காப்பெற்றுக்குக் கீழே நனைந்த கிரவல் இருந்தாலும் எண் நல்லதாகவே வரும். அங்கே குழிதோண்டிப் பார்க்கத்தான் வேண்டும். கிரவல் வீதிகளுக்கு இக்கருவியைக் கொண்டுபோகாதீர்கள். உதிரிக் கல்லும் புழுதியும் வாசிப்பைக் கெடுக்கும்.

அறிக்கையில் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் இரு தடங்களின் ஐ.ஆர்.ஐ.யைத் தனித்தனியாகவும் சராசரியாகவும் போடுங்கள். திகதி, திசை, வேகம், ரயர்க் காற்று ஆகியவற்றையும் எழுதுங்கள். மூலத் தரவை அழிக்காதீர்கள். அடுத்த வருடம் அதே துண்டை ஒப்பிட அதுதான் தேவைப்படும்.