பிளாட்டினம் 5-ஐத் தாண்டிய விதம்

இணையக் கார்டு விளையாட்டான ஹார்த்ஸ்டோனில் தொடர்ந்து இரண்டு சீசன்கள் பிளாட்டினம் 5 என்ற தரப்படிக்கு மேல் என்னால் ஏற முடியவில்லை. எத்தனை முறை தோற்றாலும் அந்தப் படிக்குக் கீழே விளையாட்டு நம்மை இறக்குவதில்லை என்பது மட்டுமே ஆறுதலாக இருந்தது. மூன்று ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றால் என் டெக்கை, அதாவது ஆட எடுத்த கார்டுத் தொகுப்பைக் குறை சொல்லி வேறொன்றுக்கு மாறிவிடுவது என் வழக்கம்.

பிறகு ஒரே டெக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தோல்வியையும் நோட்டில் குறித்து வந்தேன். எதிராளியின் வகுப்பு (அவர் தேர்ந்த கதாபாத்திர வகை), நான் முதலில் ஆடினேனா இரண்டாவதாகவா, எந்தச் சுற்றில் ஆட்டம் கைநழுவியது என்பவற்றை எழுதியபோதுதான், தொடக்கத்தில் வரும் கார்டுகளில் 5 மானா (கார்டை இறக்கச் செலவாகும், சுற்றுக்கு ஒன்றாகக் கூடும் ஆற்றல்) விலையுள்ளதை ஆசைப்பட்டு வைத்துக்கொண்டு, முதல் மூன்று சுற்றுகளையும் வெறுங்கையோடு கழித்தது தெரிந்தது. அதன்பின் 1, 2 மானா கார்டுகளைத் தவிர மற்றவற்றை ஆட்டத் தொடக்கத்திலேயே தயங்காமல் மாற்றிக்கொண்டேன். நான் எடுத்தது விரைவாகத் தாக்கும் டெக். ஆட்டங்கள் சீக்கிரம் முடிவதால் ஒரே மாலையில் கூடுதலாக ஆட முடிகிறது.

இன்னொரு பிழை இதைவிட வெட்கக்கேடானது. எதிராளிக்கு 7 உயிர் மட்டுமே மிஞ்சியிருந்த ஓர் ஆட்டத்தில், களத்தில் 6, கையிலிருந்த மந்திரக் கார்டில் 3 என மொத்தம் 9 சேதம் என்னிடம் இருந்தும், அதைக் கூட்டிப் பார்க்காமல் அவருடைய வீரர்களை அடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த சுற்றில் அவர் என் களத்தையே துடைத்துவிட்டார். இப்போது எந்தக் கார்டையும் தொடுமுன் முதலில் சேதத்தைக் கூட்டுகிறேன். அடுத்த சீசனில் பிளாட்டினத்துக்கு மேலுள்ள பிரிவின் முதல் படியான டயமண்ட் 10-ஐ எட்டினேன். டெக்கின் 30 கார்டுகளில் இரண்டை மட்டுமே மாற்றியிருந்தேன்.